ரெண்டு மீட்டரும் ஸ்டேஷன் மாஸ்டரும்

இருபத்தெட்டு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்தவள் நான். கழிவறைக்குள் ஒளிந்தவன், தூங்குவதுபோல் நடித்தவன், நேற்றைய டிக்கெட்டை நாலாக மடித்து நீட்டியவன் என்று எத்தனையோ பேரைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறேன். பெட்டிக்குள் காலை வைத்ததுமே யார் முழி சரியில்லை என்று தெரிந்துவிடும். அப்படிப்பட்ட நானே நாலு வருடமாக ஒரு திருட்டுத்தனம் செய்துகொண்டிருந்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொன்னால் மறைத்துவிட்டாள் என்பீர்கள்.

என் சிறுநீரகம் இரண்டும் ஒரேயடியாகக் கைவிரித்துவிட்டன. திங்கள், புதன், வெள்ளி காலை ஆறரை மணிக்கு என் தம்பி என்னை டயாலிசிஸ் மையத்தில் கொண்டுவந்து இறக்குவான். நாலு மணி நேரம் நாற்காலியில் சாய்ந்து கிடப்பேன். ஒரு குழாய் வழியே ரத்தம் போகும், இயந்திரம் அதைக் கழுவி இன்னொரு குழாய் வழியே திருப்பி அனுப்பும். இடைப்பட்ட நாளில் உடம்பில் தேங்கிய தண்ணீரையும் அதுவே உறிஞ்சி எடுக்கும். எவ்வளவு எடுப்பது என்று தெரிய வேண்டுமே, அதற்காக உள்ளே நுழைந்ததும் எடை பார்ப்பார்கள். போன தடவையைவிட ஏறியிருப்பதெல்லாம் நான் குடித்த தண்ணீர் என்று கணக்கு. ஒரு நாளைக்கு எனக்கு அனுமதி முக்கால் லிட்டர். முக்கால் லிட்டரை வைத்துக்கொண்டு மனுஷி நாக்கை நனைப்பாளா, மாத்திரையை விழுங்குவாளா? நான் கூடத்தான் குடித்தேன். திட்டு வாங்கக் கூடாது என்பதற்காக, எடை மேடையில் ஏறும்போது இடது கையின் ஒரு விரலைப் பக்கத்துச் சுவரில் லேசாக ஊன்றிக்கொள்வேன். முள் முக்கால் கிலோ இறங்கிவிடும். யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பதில் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

திட்டுகிறவள் யார் என்று சொல்ல வேண்டும். அவளைப் பற்றிச் சொல்லத்தானே உட்கார்ந்திருக்கிறேன்.

அவள் அந்த மையத்தின் டெக்னீஷியன். நாற்பத்து மூன்று வயது. நோயாளிகள் எல்லோரும் அவளுக்கு வைத்த பெயர் ரெண்டு மீட்டர். புதிதாக வருகிறவர்கள் ஏதோ பனைமரம் மாதிரி ஒருத்தி வரப்போகிறாள் என்று வாசலைப் பார்ப்பார்கள். வருவதோ என் தோளுயரம்கூட இல்லாத ஒருத்தி. இயந்திரத்தில், ரத்தம் கழுவும் தண்ணீரின் உப்பு, அமில அளவு பார்க்கும் மீட்டர் என்ன காட்டினாலும் அவள் நம்ப மாட்டாள். சட்டைப் பையில் சொந்தமாக இன்னொன்று வைத்திருக்கிறாள். இரண்டும் ஒத்துப்போனால்தான் ஊசியைக் கையில் எடுப்பாள்.

இந்தப் பழக்கம் சும்மா வந்ததில்லை. முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் ஒரு நாள் இயந்திரம் எல்லாம் சரி என்று பச்சை விளக்குக் காட்டியிருக்கிறது. நாற்காலியில் இருந்தவர் மட்டும் தலை சுற்றுகிறது என்றிருக்கிறார். பெரியவர்கள் எல்லோரும் அவருக்கு எப்போதும் இதே பாட்டுத்தான் என்றார்களாம். சேர்ந்து இரண்டு மாதமே ஆன இவள் போய் இயந்திரத்தை நிறுத்திவிட்டாள். நிறுத்தியதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டாள். மறுநாள் பழுதுபார்க்க வந்தவர் மீட்டர்தான் பொய் சொல்லியிருக்கிறது என்றார். அந்த மாதச் சம்பளத்தில் தனக்கென்று ஒரு கை மீட்டர் வாங்கியவள், இன்றுவரை அதை வீட்டில் வைத்துவிட்டு வந்ததில்லை.

காலை ஐந்து மணிக்கெல்லாம் வந்துவிடுவாள். எங்கள் ரத்தத்தைக் கழுவுவதற்குத் தண்ணீர் வேண்டும். குழாய்த் தண்ணீரை அப்படியே விட்டால் உயிருக்கு ஆபத்து. பின்கட்டில் ஓர் அறை முழுக்க உருளை உருளையாகச் சுத்திகரிப்பு நிலையம். கரி நிரப்பிய உருளை, உப்பு நீக்கும் சவ்வு, இன்னும் என்னென்னவோ. அதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சோதித்து, நோட்டில் எழுதி, கையெழுத்துப் போட்ட பிறகுதான் எங்களை உள்ளே விடுவாள். கணவர் தொலைதூரப் பேருந்து ஓட்டுநர், வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில். இரட்டைப் பெண் குழந்தைகள். சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் குடியிருப்பு. பிள்ளைகளின் தலைப்பின்னலை முந்தின நாள் மாலையே போட்டுவிடுவேன் என்று ஒரு தடவை சொன்னாள். அந்தப் பிள்ளைகள் பின்னல் கலையாமல் தூங்கப் பழகிவிட்டார்களாம்.

எதிலும் அவளுக்கு அவசரம் ஆகாது. "சீக்கிரம் உறிஞ்சி எடுத்து அனுப்பும்மா, வீட்ல வேலை கெடக்கு" என்று நான் ஒரு நாள் கத்தியிருக்கிறேன்.

"வேகமா எடுத்தா கால் இழுத்துக்கும், மயக்கம் வரும். மெதுவாத்தான் எடுப்பேன். கத்துறதுன்னா கத்துங்க அக்கா, நேரம் போகும்" என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனாலும் அவள் கையில் ஒரு தடவைகூட எனக்கு மயக்கம் வந்ததில்லை, அதையும் சொல்லத்தானே வேண்டும்.

எங்கள் கூடத்துக்கும் உறவினர்கள் உட்காரும் வெளிக்கூடத்துக்கும் நடுவில், சுவரைப் போல நீளமாக ஒரு கடல்மீன் தொட்டி. இரு பக்கமும் கண்ணாடி. மையத்தைத் திறந்த புதிதில் யாரோ அழகுக்காக வைத்தது. என் நாற்காலிக்கு நேர் எதிரே அது. பாறைகள், மணல், இரண்டு கோமாளி மீன்கள், அப்புறம் ஒரு ஏஞ்சல் மீன். அது வந்த வாரத்தில்தான் நானும் அங்கே சேர்ந்தேன். அப்போது கரு நீல உடம்பில் வட்ட வட்டமாக வெள்ளைக் கோடு போட்ட குட்டி. வருடம் ஏற ஏற வட்டமெல்லாம் மறைந்து, மஞ்சள் பட்டை பட்டையாக விழுந்து, கண்ணுக்குக் குறுக்கே கறுப்பாக ஒரு பட்டியும் வந்து, கம்பீரமாகிவிட்டது. பாறைக்கு இந்தப் பக்கம் ஒரு நடை, அந்தப் பக்கம் ஒரு நடை என்று நாளெல்லாம் மேற்பார்வை பார்க்கும். நான்தான் அதற்கு ஸ்டேஷன் மாஸ்டர் என்று பெயர் வைத்தேன்.

"கடல் மீன் நாளெல்லாம் தண்ணி குடிச்சிட்டே இருக்கும் அக்கா. குடிச்சாத்தான் அதுக்கு உயிர். உப்பைச் செவுள் வழியா வெளிய தள்ளிடும்" என்று ஒரு நாள் ரெண்டு மீட்டர் சொன்னாள்.

"கொடுத்து வச்ச ஜென்மம்!" என்றேன். உதட்டை ஈரப்படுத்த ஒரு ஐஸ் கட்டிக்குக் கெஞ்சிக்கொண்டிருந்த நேரம் அது.

சிரிப்பாகச் சொல்கிறேனே தவிர, அந்த மீன் இல்லையென்றால் நான் இன்றைக்கு இல்லை. சேர்ந்த மூன்றாம் மாதம் எனக்கு எல்லாம் வெறுத்துவிட்டது. வாரத்துக்கு மூன்று நாள் ஊசி, மீதி நாள் சோர்வு, இது ஒரு பிழைப்பா என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். திங்கள் போகவில்லை. புதனும் போகவில்லை. தம்பி கெஞ்சினான், திட்டினான், அழுதான். நான் அசையவில்லை. வியாழக்கிழமை ரெண்டு மீட்டர் போன் செய்தாள். மருந்து, மூச்சு முட்டல், ஆபத்து என்று ஒரு வார்த்தை பேசவில்லை.

"அக்கா, ஸ்டேஷன் மாஸ்டர் ரெண்டு நாளா உங்க சேரையே பாத்துட்டு நிக்குது. நகர மாட்டேங்குது. ஒரு எட்டு வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போயிடுங்க."

அட, நம்மை எதிர்பார்க்கவும் ஒரு ஜீவன் இருக்கிறதா என்று வெள்ளிக்கிழமை போனேன். அதன் பிறகு ஒரு நாளும் தவறவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் ஒரு திங்கட்கிழமை, ஸ்டேஷன் மாஸ்டர் பாறையில் உடம்பைத் தேய்த்தது. ஒரு தடவை என்றால் போகட்டும் என்று விடலாம். பத்து நிமிடத்துக்குள் ஏழு தடவை. தலையை வேறு வெடுக்கென்று உதறியது. நான் கைமணியை அடித்து ரெண்டு மீட்டரைக் கூப்பிட்டேன். எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஓடி வந்தாள்.

"எனக்கு ஒண்ணுமில்ல. அங்க பாரு, அதுக்கு உடம்பு சரியில்ல."

கண்ணாடிக்கு முன்னால் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து ஒரு நோட்டையும் பென்சிலையும் என் மடியில் வைத்தாள். "ஊசி போட்ட கைய அசைக்காம வலது கையால எழுதுங்க. மெஷின்ல கடிகாரம் ஓடுது பாருங்க. ஒரு நிமிஷத்துக்கு எத்தனை தடவை செவுள் மூடித் திறக்குது, எத்தனை தடவை உரசுது. அரை மணிக்கு ஒரு தடவை எண்ணிடுங்க."

"எனக்கு இதுதான் வேலையா?"

"நாலு மணி நேரம் சும்மாதானே கெடக்குறீங்க?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது என் தப்பு. எண்ணினேன். முதல் நாள் நிமிடத்துக்குத் தொண்ணூறு. புதன்கிழமை நூற்றுப் பத்து.

மாதம் ஒருமுறை தொட்டியைச் சுத்தம் செய்ய வரும் மீன்காரரை வரவழைத்தார்கள். நல்ல மனிதர்தான், ஆனால் ஐந்து நிமிடம் ஓர் இடத்தில் நிற்க மாட்டார். வெளியில் இருந்தே பார்த்துவிட்டு, "வெள்ளைப் புள்ளி நோய்தான், எல்லாத் தொட்டியிலயும் இப்போ இதான் சீசன்" என்றார். வெளிக்கூடத்தில் ஒரு மேசை மேல் சின்னக் கண்ணாடித் தொட்டி வைத்து, ஸ்டேஷன் மாஸ்டரை அதற்கு மாற்றி, தாமிர மருந்தை ஊற்றினார். பெரிய தொட்டியின் இரண்டு கண்ணாடிகளையும் தாண்டி என் நாற்காலியிலிருந்து அது மங்கலாகத்தான் தெரியும் என்பதால், முறை முடிந்து போகும்போது கிட்டே நின்று எண்ணுவேன்.

பத்து நாள் போயிற்று. கண் இரண்டிலும் பால் படர்ந்ததுபோல் ஆகிவிட்டது. தின்பதில்லை. மேல்தண்ணீரில் வாயைத் திறந்து தொங்கிக்கொண்டு நின்றது. மூச்சு நூற்று முப்பத்தைந்து. நான் எண்ணிய எண்ணை எழுதவே எனக்குக் கை வரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மேனேஜர் வந்தார். சாவிக்கொத்தை விரலில் சுழற்றிக்கொண்டே பேசுகிற ஆள். "திங்கக்கிழமை மதியம் தொட்டிய எடுத்துடப் போறோம். அந்த இடத்துல பெரிய டிவி வருது. ஜனங்க செத்துட்டிருக்கிற மீனைப் பாத்துட்டு உக்காந்திருந்தா நல்லாவா இருக்கு?" என்றார்.

"டிவி பாக்கறதுக்கா சார் இங்க வர்றோம்?" என்று நான் எகிறினேன். பக்கத்து நாற்காலியில் வாரம் மூன்று நாளும் குறட்டை விட்டே கழிக்கும் தையல்காரர்கூட விழித்துக்கொண்டு, "மீனே இருக்கட்டும் சார்" என்றார். மேனேஜர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். எதிரே டிவியை வைத்தால், இன்னொரு வியாழக்கிழமை எதைச் சொல்லி என்னைப் போன் செய்து கூப்பிடுவது?

ரெண்டு மீட்டர் மட்டும் என் நோட்டைப் புரட்டிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, உடம்புல உப்பு தூவின மாதிரி புள்ளி ஏதாவது ஒரு நாளாவது பாத்தீங்களா?"

"ஒண்ணுகூட இல்ல. சத்தியமா."

"நானும் பாக்கல. வெள்ளைப் புள்ளின்னா புள்ளி இருக்கணுமில்ல? தாமிரத்துக்கு இதுக்குள்ள கேட்டிருக்கணும். இது வேற ஏதோ. சரி, இது எப்போ ஆரம்பிச்சது? அதுக்கு முன்னாடி தொட்டியில புதுசா ஏதாவது வந்துச்சா?"

வந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் மீன்காரர் ஒரு மஞ்சள் மீனைக் கொண்டுவந்து நேராகத் தொட்டியில் விட்டார், இரண்டே நாளில் அது செத்துப்போயிற்று. எனக்குத் தேதிகூட நினைவிருந்தது.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "புதுசா வர்ற பேஷண்ட்ட ரத்தப் பரிசோதனை பண்ணாம இங்க ஒரு மெஷின்ல ஏத்துவோமா? மீனை மட்டும் அப்படியே உள்ள விட்டுருக்காங்க, நானும் பாத்துட்டு நின்னுருக்கேனே!"

ஏற்கனவே அவள் இதை விசாரிக்கத் தொடங்கியிருந்தாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. மீன் பண்ணைகளுக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு கால்நடை மருத்துவரைத் தேடிப்பிடித்து, என் எண்களையெல்லாம் போனில் படித்துக் காட்டியிருக்கிறாள். அவர் சொன்னதை எனக்குப் புரியும்படி சொன்னாள். தோலிலும் கண்ணிலும் ஒட்டிக்கொண்டு உறிஞ்சும் ஒருவகைத் தட்டைப்புழு உண்டு. கண்ணாடி மாதிரி இருப்பதால் மீன் மேல் இருக்கும்வரை கண்ணுக்குத் தெரியாது. தாமிரம் அதை ஒன்றும் செய்யாது. உப்பில்லாத தண்ணீரில் மீனை ஐந்து நிமிடம் விட்டால், மீன் தாங்கிக்கொள்ளும், புழு தாங்காது. வெளுத்துப்போய் உதிர்ந்துவிடும். உதிர்ந்தால் நோய் இன்னதென்று தெரிந்துவிடும், பாதி வைத்தியமும் ஆகிவிடும்.

"உதிரலேன்னா?"

"உதிரலேன்னா எனக்கும் தெரியல அக்கா."

அன்றைக்கே, எங்கள் முறை முடிந்ததும் செய்வது என்று முடிவாயிற்று. ஊசி எடுத்த இடத்தைப் பத்து நிமிடம் விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். நான் அழுத்திக்கொண்டே வெளிக்கூடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். கறுப்பு டப் ஒன்றைக் கொண்டுவந்தாள். வெள்ளையாக ஏதாவது விழுந்தால் தெரிய வேண்டுமே. அதில் அவள் ஊற்றியது எங்கள் தண்ணீர். அவள் தினமும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கும், பெருமை பேசும், அந்தத் தண்ணீர். "இதைவிடச் சுத்தமான தண்ணி இந்த ஊர்லயே கிடையாது" என்றாள். சூட்டை இரண்டு வெப்பமானியில் பார்த்தாள். உப்பு துளியும் இல்லை என்பதை இரண்டு மீட்டரில் பார்த்தாள். வலை போட்டால் கன்னத்து முள் சிக்கிக்கொள்ளும் என்று ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவால் மீனை மொண்டு எடுத்து, டப்பில் விட்டாள்.

பத்து எண்ணுவதற்குள் மீன் துடித்தது. இருபதில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. முப்பதில் செவுள் அசையவில்லை.

"எடு! எடுத்துடும்மா!" என்று நான் அலறினேன். அதற்குள் அவள் எடுத்துவிட்டாள். சின்னத் தொட்டியில் திருப்பி விட்டு, வாய்க்கு நேரே காற்றுக் குமிழ்க் குழாயைப் பிடித்துக்கொண்டு முட்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். ஸ்டேஷன் மாஸ்டர் மணலில்லாத வெறும் கண்ணாடித் தரையில் கிடந்தது. என் விரல் நழுவி என் கையிலிருந்து ரத்தம் வழிந்ததைக்கூட இரண்டு பேரும் கவனிக்கவில்லை, என் தம்பிதான் பதறிப்போய்க் கட்டுப் போட்டான்.

அரை மணி கழித்துச் செவுள் அசைந்தது. ஒரு மணி கழித்து நிமிர்ந்தது. எனக்கு அப்போதுதான் உயிரே வந்தது.

அதன் பிறகுதான் அவள் எழுந்து போய், ஒரு துண்டுச் சோதனைத் தாளைக் கொண்டுவந்து டப்பில் நனைத்தாள். தாளின் நிறத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"பி.ஹெச். ஆறுகூட இல்ல. கடல் தண்ணிக்கு எட்டுக்கு மேல இருக்கும். டாக்டர் சொன்னாரு, சூட்டையும் பி.ஹெச்சையும் சமமாக்கிட்டு விடுன்னு. என் தண்ணியில என்ன குறை இருந்துடப் போகுதுன்னு நான் பாக்கவே இல்ல அக்கா. மத்த எல்லாத்தையும் ரெண்டு தடவை பாத்தேன். இதை ஒரு தடவைகூடப் பாக்கல."

"விடும்மா, பொழைச்சிடுச்சில்ல."

"அது இல்லக்கா. நாலு வருஷமா உங்களுக்கு ஒரு நாளாவது வெறும் தண்ணிய விட்டுருக்கேனா? பைகார்பனேட் கலக்காம மெஷின ஓட்டுவேனா? சுத்தம் பண்ணப் பண்ண அந்தத் தண்ணியில பிடிமானமே இருக்காது, அமிலமோ காரமோ எந்தப் பக்கம் வேணும்னாலும் சாஞ்சுடும். இது எனக்குத் தெரியும். தினமும் இதைத்தானே பண்றேன்! மீனுக்கு மட்டும் மறந்துட்டேன்."

மேனேஜர் சத்தம் கேட்டு வந்திருந்தார். "சரி சரி, யார்கிட்டயும் சொல்லிட்டிருக்க வேண்டாம். மீன் ஏற்கனவே சாகக் கெடந்ததுதானே" என்று பூசி மெழுகினார்.

அவள் கேட்கவில்லை. காலையில் தண்ணீர்ச் சோதனை எழுதும் அதே நோட்டை எடுத்து, தேதி போட்டு, 'மீனுக்கான தண்ணீரில் பி.ஹெச். பார்க்கவில்லை. மீன் மயங்கியது. தவறு என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அடுத்த முறைக்கு வந்து காத்திருந்தவர்களிடமும் அப்படியே சொன்னாள்.

"இதை எதுக்கும்மா ஊரக் கூட்டிச் சொல்ற?" என்று கேட்டேன்.

"மறைச்சா நாளைக்கு வேற யாராவது இதையே பண்ணுவாங்க. நானே பண்ணுவேன்" என்றாள்.

அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்கு ஏதோ உறுத்தியது. என்ன என்று தெரிந்தும் தெரியாத மாதிரி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை காலை. வழக்கம்போல் எடை மேடையில் ஏறினேன், வழக்கம்போல் விரல் சுவருக்குப் போயிற்று. பழகிய கை, என்ன செய்வது! நாலு மணி நேரம் எப்படிப் போனதென்று எனக்குத் தெரியாது. பதினொரு மணிக்கு வெளிக்கூடத்தில் ஒரு கூட்டமே நின்றது. மீன்காரரையும் வரச் சொல்லியிருந்தாள். தையல்காரர் வீட்டுக்குப் போகாமல் நின்றார். டிவியைப் பொருத்த வந்த ஆள் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு அவரும் எட்டிப் பார்த்தார்.

அதே கறுப்பு டப், அதே தண்ணீர். இந்தத் தடவை எங்கள் பைகார்பனேட் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தாள். காற்றுக் குமிழ் விட்டுக் கலக்கினாள். தாளில் பார்த்தாள், மீட்டரில் பார்த்தாள். பொடி போட்டாள், மறுபடி இரண்டிலும் பார்த்தாள். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் மெதுவாகத்தான் செய்தாள். பி.ஹெச். எட்டே கால் வந்த பிறகு நிமிர்ந்து, "அக்கா, நீங்க எண்ணுங்க. மூச்ச மட்டும் பாருங்க. நின்னா உடனே சொல்லுங்க" என்றாள்.

மீனை விட்டாள். துடித்தது, ஒரு சுற்றுச் சுற்றியது, பிறகு நின்றது. நான் எண்ணினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஒரு நிமிடம், நூற்று நாற்பது. இரண்டாம் நிமிடம், நூற்று இருபது. தண்ணீரில் ஒன்றுமே விழவில்லை. மீன்காரர் உதட்டைப் பிதுக்கினார். மூன்றாம் நிமிடம் ஸ்டேஷன் மாஸ்டரின் கண்ணில் வெள்ளையாக ஒரு புள்ளி தோன்றியது. பிறகு முதுகில் ஒன்று. பிறகு பக்கவாட்டில் ஏழெட்டு. எங்கே இருந்தன இத்தனை நாளாக! எள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாக, தட்டையாக, ஒவ்வொன்றாகக் கழன்று கறுப்பு டப்பின் அடியில் போய் விழுந்தன.

"அடப் பாவிகளா!" என்றேன் நான், புழுக்களைப் பார்த்து.

ஐந்தாம் நிமிடம் மீனை எடுத்துப் புது உப்புத் தண்ணீரில் விட்டாள். டப்பின் அடியில் எண்ணியதில் அறுபதுக்கு மேல். மீன்காரர் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். "பதினாறு வருஷமா தொட்டி பாக்குறேன், இதை நான் தேடவே இல்லையே" என்றார். அவரும் நேராக ஒப்புக்கொண்டது எனக்குப் பிடித்திருந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மேசைப் பக்கம் நின்ற எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தது. தையல்காரர் கை தட்டினார். டிவிக்காரர், "அப்ப நான் இதை எங்க சார் மாட்டுறது?" என்று கேட்க, மேனேஜர் சாவியைச் சுழற்றுவதை நிறுத்திவிட்டு, "நம்ம மருந்துக் கடை வாசல்ல மாட்டுப்பா" என்றார்.

அதோடு முடிந்ததென்று நாங்கள் நினைத்தோம். அவள் விடவில்லை. புழு போனாலும் அதன் முட்டை பெரிய தொட்டியில் கிடக்குமாம். கால்நடை மருத்துவர் எழுதிக் கொடுத்த புழு மருந்தை இரண்டு தொட்டியிலும் போட்டாள். போடுவதற்கு முன், வடிகட்டியில் இருந்த கரிப் பையை வெளியே எடுக்கச் சொன்னாள். கரி மருந்தையும் சேர்த்துத் தின்றுவிடும் என்பது தண்ணீர் அறை நடத்துகிறவளுக்குத் தெரியாதா? ஒரு வாரத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் கண் தெளிந்து, தின்னத் தொடங்கி, குணமாகிவிட்டது. மேனேஜரே பெரிய தொட்டிக்கு மாற்றலாமே என்றார். "முட்டைய மருந்து கொல்லாது சார். பொரிச்சு வந்த குஞ்சுக்கு இன்னொரு தடவை போடணும்" என்று மறுபடி போட்டாள். மூன்றாவது தடவையும் போட்டாள். அதற்கு நடுவில் கோமாளி மீன்களுக்கும் குளியல். எண்ணுவது நான்தான், வேறு யார்?

ஒரு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை காலை நான் உள்ளே நுழைந்தபோது, ஸ்டேஷன் மாஸ்டர் பெரிய தொட்டியில் இருந்தது. பாறைக்கு இந்தப் பக்கம் ஒரு நடை, அந்தப் பக்கம் ஒரு நடை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதே கண்ணோடு எடை மேடையில் ஏறினேன். விரல் சுவருக்குப் போயிற்று. ரெண்டு மீட்டர் நோட்டோடு பக்கத்தில் நின்றாள். அந்த நோட்டில்தான் 'தவறு என்னுடையது' என்று எழுதியிருக்கிறாள் என்பது நினைவுக்கு வந்தது. விரலை எடுத்துவிட்டேன். முள் ஏறியது. ஏறிக்கொண்டே போயிற்று.

"இங்க பாரும்மா" என்றேன். "இதான் என் நிஜ எடை. நாலு வருஷமா நான் சுவத்துல விரல ஊனி உன்னை ஏமாத்திட்டு இருந்தேன். திட்டுறதுன்னா திட்டிடு."

அவள் திட்டவில்லை. சிரித்தாள். "நல்லவேளை, விரலை எடுத்ததைச் சொல்லிட்டீங்க. இல்லேன்னா இன்னிக்கு முக்கால் லிட்டர் கூட உறிஞ்சியிருப்பேன்."

எனக்கு விளங்கவில்லை. அவள் என் பழைய தாள்களைப் புரட்டிக் காட்டினாள். ஒவ்வொரு நாளும் என் எடைக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு முக்கால் கூட்டப்பட்டிருந்தது. நாலு வருடமும். சேர்ந்த முதல் வாரத்திலிருந்து.

"முடிஞ்சு போறப்ப ஒரு எடை பாப்போமில்ல? அப்போ களைப்புல நீங்க சுவத்தத் தொட மாட்டீங்க. மெஷின் ரெண்டரை லிட்டர் எடுத்தேங்கும், மேடை ஒண்ணே முக்கால்தான் குறைஞ்சிருக்குங்கும். ரெண்டும் ஒத்துவரலையேன்னு பாத்தேன். மறுநாள் உங்க விரலைப் பாத்தேன்."

இருபத்தெட்டு வருடப் பரிசோதகரான என்னையே ஒருத்தி பிடித்துவிட்டாள். "அப்பவே கேட்டிருக்கலாமே?"

"கேட்டா வெட்கப்பட்டுட்டு வராம இருந்துடுவீங்க. அப்புறம் மறுபடியும் மீனைச் சாக்கு சொல்லி எத்தனை தடவை போன் பண்றது?"

"சாக்கா? அன்னிக்கு அது என் சேரைப் பாத்துட்டு நிக்கல?"

"தீனி போடுற மூலை உங்க சேருக்கு நேரா இருக்குக்கா" என்றாள்.

நான் அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியவில்லை. அவள் என் முழங்கையைப் பிடித்து மேடையிலிருந்து இறக்கி, அடுத்த அறை வாசலில் இருந்த இன்னொரு எடை மேடைக்கு அழைத்துப் போனாள். அதிலும் ஏறினேன், இரண்டு கையையும் முன்னால் கட்டிக்கொண்டு. இரண்டும் ஒரே எண்ணைக் காட்டின. அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.